சுவருக்கு வெளியே நின்ற கோல் மன்னன்

எங்கள் கிளப்பின் ஐம்பது வருடச் சரித்திரத்தில் அதிக கோல் அடித்தவர் வில்லியம். இதை நான் சொல்லவில்லை, ஸ்கோர் தாள் சொல்கிறது. மூன்று சீசனில் முப்பத்தேழு கோல். அதில் இறுதியாட்டத்தில் அடித்த இரண்டும் அடக்கம். நாங்கள் வாங்கிய ஒரே கோப்பை அந்த இரண்டு கோலில் வந்தது.

இந்த வில்லியத்தை நேரில் பார்த்தால் நீங்கள் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். வயது அறுபத்து நாலு. ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடி ஃப்ளாட். ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை. காப்பிக் கடையில் உட்காரும் முன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பார். உட்கார்ந்த பிறகு மேசையைத் துடைப்பார். காப்பி வந்ததும் கோப்பையின் விளிம்பைத் துடைப்பார். நாங்கள் குடித்து முடித்து எழுந்திருக்கும்போதுதான் அவர் முதல் வாய் வைப்பார். சாலையைக் கடக்க பச்சை விளக்கு மட்டும் போதாது, மோட்டார்சைக்கிளில் வருகிறவன் யாராவது நின்று, "போங்க அங்கிள்" என்று கையைக் காட்ட வேண்டும். ஒரு நாள் ஃப்ளாட்டின் கீழே பிள்ளைகள் உதைத்த பந்து உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நம் கோல் மன்னன்!

அந்தச் சாதுவான முகத்தில் வீரமாக இருந்தது மீசை ஒன்றுதான். ஆட்டுக்கல் குழவி மாதிரி கனத்த மீசை. முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வளர்க்கச் சொன்னவன் நான்.

என் பெயர் நாதன். எழுபத்தொரு வயது. அந்த முப்பத்தேழு கோல் விழுந்த காலத்தில் நான்தான் டீம் மேனேஜர். ஆகவே இதைப் படிக்கும்போது யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தால் முதலில் என்னைத் திட்டிவிடுங்கள். எனக்குப் பழக்கம்தான்.

கிளப்புக்கு ஐம்பது வயதானதும், கிளப் அறையில் ஒரு கௌரவச் சுவர் வைப்பது என்று முடிவானது. பழைய ஆட்டக்காரர்களில் தகுதியான பதினோரு பேருடைய படங்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பதினோரு இடத்துக்கு நாற்பத்து மூன்று பெயர்கள் வந்தன. ஏழு பேர் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிப் போட்டிருந்தார்கள், அதில் ஒருவர் இரண்டு தடவை. காப்பிக் கடையில் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஃப்ரீகிக்குகள் மறுபடியும் அடிக்கப்பட்டன. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பந்து இன்னும் ஐந்து கஜம் பின்னாலிருந்து கிளம்பியது.

எங்கள் தலைவி ஷாஹிராவுக்குக் கதை பிடிக்காது. முப்பத்து நாலு வயதுப் பெண், பேங்கில் தணிக்கை வேலை பார்க்கிறவள்.

"ஆளாளுக்கு ஒரு கதை சொல்றீங்க, அங்கிள். ஸ்கோர் ஷீட் எங்க? அதுல யார் பேர் இருக்கோ அவங்கதான்லா," என்றாள்.

ஸ்கோர் ஷீட்டுகள் என்னிடம்தான் இருந்தன. ஐம்பது வருடத் தாள்களையும் பிஸ்கெட் டின்களில் அடுக்கி, கரையான் அரிக்காமல் காப்பாற்றி வைத்திருந்தேன். கிளப்பில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் பெருமையோடு தூக்கிக்கொண்டுபோய் ஷாஹிரா மேசையில் வைத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். எனக்குத் தும்பிக்கைகூட இல்லை.

பத்து நாளில் பட்டியல் வந்தது. முதல் இடம், வில்லியம். இருபத்தொன்பதாவது இடம், ஹைதர், நான்கு கோல், மூன்று வருடத் தடை.

அந்தப் பட்டியலைப் பார்த்து மூன்று பேருக்கு நெஞ்சு அடைத்தது. வில்லியம், ஹைதர், நான்.

ஹைதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டத்தோ கிராமாட்டில் அவர் அத்தா வைத்த நாசி கண்டார் சோற்றுக் கடையை இப்போது அவர் நடத்துகிறார். எண்பத்து நாலில் அவருக்கு இருபத்திரண்டு வயது. காலையில் கடையில் கோழி வெட்டுவார், சாயந்தரம் எதிரி டீமின் தடுப்பாட்டத்தை வெட்டுவார். அப்படி ஒரு வேகம். அதே வேகத்தில் கோபமும் வரும். ஓர் ஆட்டத்தில் பெனால்டி கொடுக்கவில்லை என்று நடுவர் கையிலிருந்த விசிலைப் பிடுங்கி, திடலின் ஓரத்தில் ஓடிய சாக்கடையில் எறிந்துவிட்டார். மழைக்காலம். விசில் கடலை நோக்கிப் போயிற்று. ஹைதருக்கு மூன்று வருடம் தடை.

அப்போது வில்லியம் எங்கள் டீமில் பதிவான ஆட்டக்காரர். இடம் ரைட் பேக், வலது ஓரத் தடுப்பு. இரண்டு ஆட்டம் ஆடியிருந்தார். முதல் ஆட்டத்தில் பந்து அவர் பக்கம் வரவே இல்லை, பிரமாதமாக ஆடினார். இரண்டாவதில் வந்தது. வந்ததை நேராக எங்கள் வலைக்குள்ளேயே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு டீமில் அவர் உப்புக்குச் சப்பாணி. ஆனால் பயிற்சிக்கு முதலில் வருகிறவர் அவர்தான், கடைசியாகப் போகிறவரும் அவர்தான். லீக்கிலுள்ள எல்லா டீமின் ஆட்டக்காரர்கள் பெயரும் அவருக்கு மனப்பாடம். அவரைப் போல் அந்த விளையாட்டைக் காதலித்த ஆளை நான் பார்த்ததில்லை. அவ்வளவு காதலையும் கால் திருப்பிக் கொடுக்கவில்லை, பாவம்.

லீக்கில் ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய அட்டை உண்டு. வருடா வருடம் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் நடுவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைக் கூப்பிடுவார், ஆட்டக்காரர் கையைத் தூக்கி "யெஸ் ஸார்" சொல்ல வேண்டும், அவர் முகத்தைப் பார்த்து அட்டையைப் பார்ப்பார். வில்லியமும் ஹைதரும் ஒரே உயரம், ஒரே நிறம், நெற்றிகூட ஒரே ஏற்றம். வித்தியாசம் ஹைதரின் மீசை மட்டும்தான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மேலுதட்டில் பட்ட வெட்டை அது மறைத்தது. எடுக்கவே மாட்டேன் என்று அவர் நின்றார்.

"அப்ப வில்லியம் வளர்க்கட்டும்," என்றேன் நான். எல்லா நாசமும் அந்த மூன்று வார்த்தையில் ஆரம்பித்தது.

வில்லியம் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டீம் ஜெயிக்குமா, அண்ணே?"

"ஜெயிக்கும்."

வளர்த்தார். ஜெலுத்தோங்கில் ஒரே முடிதிருத்தும் கடையில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே அளவில் கத்தரிக்கச் சொன்னேன். வில்லியம் அந்த மீசையோடு படம் எடுத்துக்கொண்டு லீக் ஆபீசில் கையெழுத்துப் போட்டார். டீமில் பதினெட்டு பேர், பதினெட்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாது என்பார்கள். சோறு நிறைய இருந்தால் முடியும்.

முதல் ஆட்டத்தில் நடுவர் "வில்லியம்" என்று கூப்பிட்டார். ஹைதர் சும்மா நின்றார். மறுபடி கூப்பிட்டார். ஹைதர், வில்லியம் எங்கே என்று திரும்பித் தேடினார். நான் பின்னாலிருந்து முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கடை வாசலில் நின்று "வில்லியம்" என்று கத்திப் பழக்கினேன். கையில் குழம்புக் கரண்டி இருந்தாலும் தூக்கி "யெஸ் ஸார்" சொல்லும் அளவுக்குத் தேறினார்.

எண்பத்தாறில் நோன்பு மாதத்தில் ஓர் ஆட்டம் வந்தது. இடைவேளையில் எல்லோரும் ஆரஞ்சுச் சுளை சாப்பிட, எங்கள் 'வில்லியம்' மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லீக் அதிகாரி வந்து, இவருக்கு என்ன என்று கேட்டார்.

"தவக்காலம், ஸார். கத்தோலிக்கர்," என்றேன்.

"என் மனைவியும் கத்தோலிக்கர்தான். ஈஸ்டர் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே?"

"இவருக்குக் கொஞ்சம் பக்தி அதிகம், ஸார்."

அதிகாரி ஹைதரை மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார். ஆண்டவரும் அல்லாவும் சேர்ந்து என்னை மன்னித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இத்தனையிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு திடலில் இரண்டு வில்லியம் இருக்கக் கூடாது. லீக் ஆபீஸ்காரர்களுக்கு உண்மையான வில்லியத்தின் முகம் தெரியும். ஆகவே ஹைதர் உள்ளே ஆடும்போது வில்லியம் உள்ளே வரவே கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார். மூன்று சீசன் முழுக்க அங்கேதான் நின்றார். வருகிற பஸ்ஸெல்லாம் அவருக்காக நிற்கும், அவர் போ போ என்று கையை ஆட்டுவார், கண்டக்டர் திட்டிவிட்டுப் போவார். எங்கள் தீவுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஆட்டம் இருந்தால் எங்களோடு ஃபெர்ரியில் வந்து, அங்கேயும் வெளியே நிற்பார். ஒரு முறை பக்கத்து ஃபேக்டரி காவலாளி, வேலை தேடி வந்தவர் என்று நினைத்து ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தான். வில்லியம் மறுக்கத் தெரியாமல் அதை முழுதாகப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது.

ஒரு நாள் இடைவேளையில் ஸ்கோரைச் சொல்லலாம் என்று நான் வெளியே ஓடினேன்.

"கேட்டுச்சு, அண்ணே. எனக்கு ரெண்டு, அவங்களுக்கு ஒண்ணு," என்றார்.

எனக்கு ரெண்டு! உள்ளே போய் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். திடலே "வில்லியம், வில்லியம்" என்று கத்தும், அந்தப் பெயர்க்காரன் சுவருக்கு வெளியே பஸ்ஸை அனுப்பிக்கொண்டிருப்பான். எனக்கு அப்போது அது வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது. இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

கத்தியவர்களில் டத்தோ கிராமாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவரும் உண்டு. துறைமுகத்தில் வேலை, கால்பந்துப் பைத்தியம், கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. தூரத்தில் ஓடும் மீசையைப் பார்த்து, "இந்தப் பையனுக்குத்தான் என் பொண்ணு" என்று தீர்மானித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வில்லியம் யார் என்று விசாரித்து, மீசையை அடையாளம் கண்டு, நேரே போனார்.

"தம்பிக்கு வலது காலா, இடது காலா?"

"ரெண்டும் இருக்கு, அங்கிள்," என்றார் வில்லியம்.

பெரியவர் பூரித்துப்போனார். வில்லியம் பொய் சொல்லவில்லை. சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, யாரும் நேராகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெரியவரின் மகள் ஆலிஸைப் பார்த்த பிறகு, நேராகக் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. பார்த்த அன்றே மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

கல்யாணம் எண்பத்தாறு செப்டம்பர் ஆறு, சனிக்கிழமை, சாயந்தரம் ஐந்து மணிக்கு. முந்தின வாரம் நடக்க வேண்டிய இறுதியாட்டம் மழையால் தள்ளிப்போய் அதே சனிக்கிழமை அதே ஐந்து மணிக்கு வந்து விழுந்தது. நான் மாப்பிள்ளைத் தோழனாக மோதிரத்தைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன், மனசு திடலில் இருந்தது. இரவு விருந்துக்கு ஹைதர் நொண்டிக்கொண்டே வந்தார். மேடையிலிருந்த வில்லியம் கண்ணாலேயே எத்தனை என்று கேட்டார். ஹைதர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த நேரம் பார்த்துப் படக்காரர் பட்டனை அழுத்தினார்.

மாமனாருக்கு ஒரே குறை, இறுதியாட்டத்தைப் பார்க்க முடியவில்லை. "மருமகன் இல்லாமலேயே ஜெயிச்சிட்டாங்க, என்னா டீமு!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கல்யாணத்தோடு மருமகன் ஓய்வு பெறுகிறார் என்று நான் அறிவித்தேன். மீசையை எடுக்க வில்லியம் கத்தியைக் கையில் எடுத்தபோது மாமனார் தடுத்துவிட்டார், "கோல் அடிச்ச மீசை, தம்பி!" மாமனார் போன பிறகும் ஆலிஸ் அதை எடுக்க விடவில்லை.

ஹைதரின் தடை எண்பத்தேழில் முடிந்தது. சொந்தப் பெயரில் இரண்டாவது ஆட்டத்திலேயே முட்டி போய்விட்டது. பிறகு ஆடவே இல்லை. அவர் வாழ்நாளில் செய்த நல்ல ஆட்டம் எல்லாம் இன்னொருவர் பெயரில் என் பிஸ்கெட் டின்னுக்குள் கிடந்தது.

பட்டியல் வந்த மறுநாள் மூன்று மணிக்கு, கூட்டம் ஓய்ந்த நேரத்தில், ஹைதரின் கடையில் மூவரும் உட்கார்ந்தோம்.

"எனக்கு வேறென்னா வேணும், நாதண்ணே? ஒரு படம். நான் பந்து ஆடுனேன்னு சொன்னா என் மக ஐனா சிரிக்கிது. 'அத்தா, வாளி தூக்கினாலே மூச்சு வாங்குது, கோல் போட்டீங்களாக்கும்'னு கேக்குது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவ ஒரு தடவை அந்தச் சுவத்தைப் பாக்கணும்."

அவர் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த இடம் உனக்குத்தான், ஹைதர்," என்றார் வில்லியம். "நானே ஷாஹிராகிட்ட சொல்லிடறேன்."

"எப்போ?"

"ஆலிஸ்கிட்ட சொன்னதுக்கு அப்புறம்."

"அவங்ககிட்ட எப்போ சொல்லுவே?"

வில்லியம் கைக்குட்டையை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கனவே துடைத்த மேசை.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆலிஸ் கோல் அடித்தவனைக் கட்டிக்கொண்டதாக நினைத்து முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் ஹைதருக்கு ஒரு படம் கிடைக்கும், இவருக்கு வீட்டில் என்ன மிஞ்சும் என்று தெரியாது. மூன்று வாரம் தள்ளினார். ஒரு வாரம் ஆலிஸுக்கு ரத்த அழுத்தம், ஒரு வாரம் கோயிலில் பாடகர் குழுப் பயிற்சி, ஒரு வாரம் மகன் ரயன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவருக்குள் இருந்த ரைட் பேக் இன்னும் சாகவில்லை, பந்து தன் பக்கம் வராமலிருந்தால் போதும் என்று நின்றுகொண்டிருந்தார்.

பந்து வந்தது. திறப்பு விழாவுக்கு ஷாஹிரா ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, பதினோரு பேர் வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள். கோல் ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி, எதிரி டீம் எல்லாம் போட்டிருந்தாள்.

அன்று சாயந்தரம் எனக்குப் போன் வந்தது. ஆலிஸ்.

"அண்ணே, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க."

"நாளைக்கு வரட்டாம்மா?"

"இப்பவே வாங்க."

ஏழாவது மாடிக்குப் போனேன். லிஃப்ட் வேலை செய்தது, அன்று பார்த்து. மேசையில் புத்தகம், பக்கத்தில் கல்யாண ஆல்பம். வில்லியம் மூலை நாற்காலியில். மீசைகூடத் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, எண்பத்தாறு, செப்டம்பர் ஆறு, சாயந்தரம் அஞ்சு மணி. நீங்க எங்க இருந்தீங்க?"

"சர்ச்ல."

"இவரு?"

"உன் பக்கத்துல."

"அப்ப ரெண்டு கோல் போட்டது யாரு, ஃபாதரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வில்லியம் எழுந்து நின்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். விசில், அட்டை, மீசை, ஒன்றையும் விடவில்லை. என் பெயர் வரும் இடங்களில்கூட என்னைக் காப்பாற்றவே பார்த்தார். "நாதண்ணே கேட்டாரு, ஆனா சரின்னு சொன்னது நான்தான்," என்றார்.

ஆலிஸ் ஆல்பத்தைப் புரட்டி ஹைதர் இரண்டு விரல் காட்டும் படத்தில் நிறுத்தினார்.

"ரெண்டு பிள்ளை பெத்துக்கோங்கன்னு வாழ்த்துறாருன்னு நெனச்சேன். ரயனோட நின்னு போச்சேன்னு எத்தனை வருஷம் ஹைதரண்ணன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குச் சங்கடமா இருந்துச்சு தெரியுமா?"

ஆலிஸ் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"எங்கப்பா சாகற வரைக்கும் மருமகன் ஸ்ட்ரைக்கர்னு சொல்லிட்டு இருந்தாரு."

"நான் அவர்கிட்ட பொய் சொல்லல, ஆலிஸ்."

"உண்மையையும் சொல்லலியே."

ஆலிஸின் குரல் உடைந்தது.

"நானும் அப்பாகூட வந்திருக்கேன். ஒம்பது ஆட்டம். தொண்டை கட்டற வரைக்கும் வில்லியம் வில்லியம்னு கத்தியிருக்கேன். எல்லாம் ஹைதரண்ணனுக்கா? நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க அப்போ?"

"வெளியில. சுவத்துக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்ல."

"அங்க என்னா பண்ணிட்டு இருந்தீங்க?"

"கேட்டுட்டு இருந்தேன்." வில்லியம் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. "ஆம்பளைங்க சத்தத்துக்கு நடுவுல ஒரே ஒரு பொண்ணு சத்தம் வரும். எல்லாரும் நிறுத்தினப்புறமும் கடைசியா ஒரு தடவை வரும். அதைக் கேட்டுட்டுத்தான் நான் அடுத்த பஸ்ஸை அனுப்புவேன். யாருன்னு தெரியாது. ரயன் சின்னப் பையனா இருக்கறப்போ, கீழ விளையாடிட்டு இருந்தவனை நீ இந்த வராந்தாவுல நின்னு கூப்பிட்டே பாரு, அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அது நீன்னு."

ஆலிஸ் ஆல்பத்தை மூடினார்.

"நீ பாத்தது ஹைதரை, ஆலிஸ். ஆனா கேட்டது நான்தான்."

ஆலிஸ் எழுந்து சமையலறைக்குள் போனார். ரொம்ப நேரம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது மூன்று காப்பி கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. வில்லியம் கோப்பையின் விளிம்பைத் துடைக்கச் சட்டை நுனியை எடுத்தார்.

"தொடைக்காதீங்க. குடிங்க," என்றார் ஆலிஸ். "நாளைக்கு ஷாஹிராகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும். அப்புறம் அந்த மீசையை எடுத்துடுங்க. அதுவும் ஹைதரண்ணனோடதுதானே."

வில்லியம் சூடாக இருந்த காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் எனக்கு முன்னால் குடித்து முடித்தது அன்று ஒரு நாள்தான்.

ஷாஹிரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கப்பைத் திருப்பிக் கொடுக்கணும், அங்கிள்."

"யாருகிட்டம்மா? அந்த லீக்கை மூடியே இருபது வருஷம் ஆச்சு."

அவள் யோசித்தாள். பிறகு எழுதினாள். ஹைதர், நாற்பத்தொரு கோல். கீழே சின்ன எழுத்தில், இதில் முப்பத்தேழு, வில்லியம் என்ற பெயரில் அடிக்கப்பட்டவை. வில்லியத்துக்குப் பன்னிரண்டாவதாக ஒரு படம் வைக்கலாமே என்று நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அவர் ஆடினது ரெண்டு மேட்ச், அங்கிள். போட்டது ஒரு கோல், அதுவும் நம்ம பக்கம்."

"கரெக்ட்தான், அண்ணே," என்றார் வில்லியம். அவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு வழக்கும் நடத்த முடியாது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நடந்தது. கிளப் அறை திடலின் ஓரத்தில்தான் இருக்கிறது, அதனால் கூட்டம் வெளியே புல்தரையில் வழிந்தது. ஹைதர் பட்டிக் சட்டை போட்டு, மீசைக்கு மை அடித்துக்கொண்டு வந்திருந்தார். வில்லியம் வந்ததை நான் கவனிக்கவே இல்லை. மேலுதடு மட்டும் வெளுத்த யாரோ ஒருவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துத்தான் அவர் என்று தெரிந்தது.

துணியை விலக்கினார்கள். எண்பத்தைந்தில் எடுத்த படம், ஹைதர் பந்தோடு பாய்கிறார். ஐனா படத்தைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. "அத்தா, நெசமாவே நீங்கதானா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விசிலை எறிந்த மனிதர் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் வில்லியத்தைத் தேடினேன். நாற்காலி சுத்தமாகக் காலியாக இருந்தது. எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஹைதர் பெயர் வாங்கும் நேரத்தில் திடலில் இன்னொரு வில்லியம் இருக்கக் கூடாது என்று நான் போட்ட சட்டம், யாரும் ரத்து செய்யாமலே கிடந்தது.

நான் போய்க் கூட்டி வரலாம் என்று திரும்பினேன். ஆலிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். புல்தரையில் நடந்து சுவர் வரைக்கும் போனார். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை "என்னங்க" என்று மட்டுமே கூப்பிட்டவர், இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"வில்லியம்!"

மொத்தக் கூட்டமும் பேச்சை நிறுத்தியது. படத்தடியில் நின்றிருந்த ஹைதர் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி, "யெஸ் ஸார்," என்றார்.

"நீங்க இல்லண்ணே," என்றார் ஆலிஸ், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். ஓய்ந்த பிறகு அவர் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது, யாரையும் ஏற்றாமல் புறப்பட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்று சொல்லிக்கொண்டே வில்லியம் உள்ளே வந்தார்.